முழுக்க மிதித்தால் மட்டும்

வருஷக் கணக்காக நின்றுகிடந்த காரைச் சாவி போட்டு உடனே ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது மேடம். நிறைய பேர் அந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். புது பேட்டரி மாட்டி, பெட்ரோல் ஊற்றி, சாவியைத் திருப்பிவிடுவார்கள். உள்ளே பிஸ்டன் துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கும். டேங்க்கின் அடியில் பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி கெட்டியாகி நாறும். காற்று போகிற குழாயில் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். அவசரப்பட்டால் எல்லாம் உடையும். பொறுமையாகச் செய்தால் ஒன்றும் ஆகாது.

நான் பொறுமையாகத்தான் செய்தேன்.

இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. அன்றைக்குக் குழந்தையை எதற்காகக் காரிலிருந்து இறக்கினாய் என்று. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் வரிசையாகச் சொல்லாவிட்டால் எதையோ விட்டுவிட்டேன் என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும். என் சுபாவம் அப்படி. வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து பார்ப்பவள் நான். ஓட்டல் ரிசப்ஷனில் எனக்கு வேலை. அங்கே ஒரு சாவியைக் கொடுத்துவிட்டு, சரியான ரூம் சாவியைத்தான் கொடுத்தோமா என்று மாடிவரை ஏறிப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் எனக்குப் பெயர் சந்தேகம். ஜெபா என்று கூப்பிடுவதைவிட அப்படிக் கூப்பிடுவதுதான் அதிகம். வைத்தது என் அண்ணன் ஆல்வின். கல்யாண வீடு, கருமாதி வீடு என்று பார்க்க மாட்டான். நாலு பேர் கூடினால் ஆரம்பித்துவிடுவான். "எந் தங்கச்சி கோயிலுக்குப் போயி ஜெபம் பண்ணுவா. வெளிய வந்து, பண்ணமா இல்லியான்னு சந்தேகம் வந்து, உள்ள போயி இன்னொரு தபா பண்ணுவா. சாமிக்கே பேஜாரா பூட்ச்சு." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவன் சொல்வது நன்றாகத்தான் இருக்கும்.

அவன் கெட்டவன் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். வாரத்தில் மூன்று நாள் வேலை முடிந்து செங்கல்பட்டில் மோட்டார் மெக்கானிக் ஈவினிங் கிளாஸுக்குப் போகிறேன். கிளாஸ் முடிந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து மாமல்லபுரம் வந்து இறங்கினால், ரோட்டு முனையில் பைக்கோடு அண்ணன் நிற்பான். மழை பெய்தாலும் நிற்பான். "இன்னா மெக்கானிக்கு, பஸ்ஸு டயர்ல காத்து பாத்துட்டுத்தான ஏறுன?" என்பான். நான் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். உட்கார்ந்ததும் எனக்குக் கண் சொருகும்.

கார் அப்பாவுடையது. அப்பா கருப்பன் ஒரு டாக்டரிடம் டிரைவராக இருந்தார். டாக்டர் வெளிநாடு போகும்போது பழைய பத்மினி காரை அப்பாவிடமே விட்டுவிட்டுப் போனார். அப்பா இறந்த பிறகு வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடினோம். கடல் பக்கம் என்பதால் உப்புக் காற்று தார்ப்பாய்க்கு உள்ளேயும் போகும்.

அப்பா இறந்த நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்று காலையில் அப்பாவின் முகம் வேறு மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். "ஆரம்பிச்சிட்டா" என்றார்கள். அப்பாவே சிரித்துக்கொண்டு டீ குடித்தார். மத்தியானம் போய்விட்டார். சாவு வீட்டில் அம்மா, "ஒரு நோவுன்னு படுக்கலியே, ஒரு அறிகுறி இல்லியே" என்று அழுதாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நான் சொன்னது யாருக்கும் ஞாபகம் இல்லை. சொன்னேனா என்று கொஞ்ச நாளில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அண்ணன் ஈ.சி.ஆர். ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் கல்யாண ஏற்பாடுகள் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் பழைய காரில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு வண்டி கிடைப்பதில்லை. போன வருஷம் ஒருநாள் சாப்பிடும்போது அண்ணன், "அப்பா வண்டி சும்மாத்தான கீது. ஓடுனா நல்லா இருக்கும்" என்றான். நான், "நான் ரெடி பண்ணட்டுமா?" என்று கேட்டேன். லதா அண்ணிக்குப் புரை ஏறிவிட்டது. அம்மா செங்கம்மாள் அவள் தலையில் தட்டினாள். ஆனால் அண்ணன் மறுக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு ஸ்பேனர் செட் வாங்கி வந்து கட்டிலில் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளும் லீவு நாட்களும் ஷெட்டிலேயே போயின. முதலில் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துவாரத்திலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊற வைத்தேன். தினமும் வேலைக்குப் போகும் முன் இன்ஜினின் முன்பக்கப் புல்லிச் சக்கரத்தில் ஸ்பேனர் போட்டு மெதுவாகத் திருப்பிப் பார்ப்பேன். அசையாது. பலம் காட்டக் கூடாது, ஊறட்டும் என்று விட்டுவிட்டுப் போவேன். ஒருநாள் காலையில் ஒரு நூல் அளவு அசைந்தது. அன்றைக்கு ஓட்டலில் ஒரு வெள்ளைக்காரர் ஏன் சிரிக்கிறாய் என்று என்னைக் கேட்டார்.

டேங்க்கை இறக்கிக் கழுவினேன். ரப்பர் குழாய்களை எல்லாம் மாற்றினேன். பிளக்குக்குப் பொறி அனுப்புகிற பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்தேன். கார்புரேட்டரைப் பிரித்துத் துணியில் பரப்பி, போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு சேர்த்தேன். சேர்த்ததைத் திரும்பப் பிரித்தேன், ஒரு வாஷரை விட்டுவிட்டேனோ என்று. விடவில்லை. எனக்கு உடம்பெல்லாம் வலிக்கும். கையில் பெட்ரோல் வாடை போகவே போகாது. ஆனால் மேடம், அந்த ஷெட்டில் மட்டும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது தப்பில்லை. அங்கே அது வேலை.

ஸ்டார்ட் ஆன நாளில் வீடே ஷெட்டுக்கு வந்துவிட்டது. முதலில் இருமியது, கறுப்பாகப் புகை விட்டது, அப்புறம் பிடித்துக்கொண்டது. அண்ணன் என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான். "சந்தேகம் சாதிச்சிட்டாடா" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். அம்மா முந்தானையால் பானெட்டைத் துடைத்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்கு அடுத்த வாரம் அவன் போனில் ஒரு ரீல் போட்டான். எனக்குத் தெரியாமல் பின்னாலிருந்து எடுத்தது. நான் டயர் நட்டுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணுகிறேன், எழுந்து போகிறேன், நின்று யோசிக்கிறேன், திரும்பி வந்து முதலிலிருந்து எண்ணுகிறேன். பின்னணியில் சிரிப்புச் சத்தம். கீழே, 'எங்க வூட்டு இன்ஸ்பெக்டர். வண்டி ரெடி பண்ணது நான், நட்டு எண்றது இவங்க' என்று எழுதியிருந்தான். ஓட்டலில் சமையல்காரர்கள் பார்த்தார்கள். செங்கல்பட்டு கிளாஸில் ஷ்யாம் என்கிற பையன் எல்லாருக்கும் காட்டினான். "மேடம், எங்க பெஞ்சு நட்டையும் கொஞ்சம் எண்ணிட்டுப் போங்க" என்றான். வாத்தியாரும் சிரித்தார். அங்கே மட்டும்தான் எனக்கு அந்தப் பெயர் இல்லாமல் இருந்தது.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம், "ரெடி பண்ணது நீயா?" என்று கேட்டேன்.

"அட, தமாஷுக்கு போட்டேன். ஆளுங்க நம்பணும்ல. பொண்ணு ரிப்பேர் பண்ண வண்டின்னு சொன்னா, அதுவும் நீ பண்ணதுன்னு தெரிஞ்சா, எவன் ஏறுவான்?"

"எடுத்துடுண்ணா."

"எத்தினி பேரு பாத்துகினு கீறாங்க தெரியுமா? வுடுடி."

கோபம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. களைப்புத்தான் வந்தது. சொல்லியும் பிரயோஜனம் இல்லாத இடத்தில் கோபப்படுவதற்கு ஒரு தெம்பு வேண்டும்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பிசகைப் பார்த்தேன். ஆக்சிலேட்டர் மிதியிலிருந்து கார்புரேட்டருக்கு ஒரு கம்பி போகும். அதில் முழங்கை மாதிரி ஒரு வளைவு. துருவைத் தேய்ப்பதற்காக அந்தக் கம்பியைக் கழற்றியபோது வளைவு லேசாக விரிந்திருக்கிறது. அது நான் செய்ததுதான், ஆனால் வேண்டுமென்று செய்யவில்லை. பாதி மிதித்தால் ஒன்றும் தெரியாது, காலை எடுத்ததும் திரும்பிவிடும். முழுக்க மிதித்தால் மட்டும் அந்த முழங்கை பக்கத்துத் தகட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். ஸ்ப்ரிங்கால் அதை இழுக்க முடியாது. காலை எடுத்தாலும் இன்ஜின் முழு வேகத்தில் கத்திக்கொண்டே இருக்கும். சாவியைத் திருப்பி அணைத்தால் நிற்கும். அது தெரிந்தவருக்கு.

நான் ஒரு மரக்கட்டையை மிதிமேல் முட்டுக் கொடுத்து வைத்துவிட்டுப் பானெட்டுக்குள் பார்த்தேன். கட்டையை எடுத்தேன். கம்பி திரும்பவில்லை. விரலால் தட்டினேன். டக் என்று விட்டது. இன்னொரு தடவை பார்த்தேன். எத்தனை தடவை பார்த்தாலும் அதே மாதிரிதான் நடந்தது.

என் வாழ்நாளில் எனக்குச் சந்தேகமே வராத விஷயம் அது ஒன்றுதான். உங்களுக்குப் புரியுமா என்று தெரியவில்லை. கேஸை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்றெல்லாம் மனசு குடைந்துகொண்டே இருக்கும். இதில் குடையவில்லை. முழுக்க மிதித்தால் மாட்டும். அவ்வளவுதான். பல வருஷத்துக்குப் பிறகு மனசு சத்தமில்லாமல் இருந்தது. நான் ஷெட்டில் ஸ்டூலைப் போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

குறடால் பிடித்து அந்த வளைவைக் கொஞ்சம் இறுக்கினால் போதும். குறடு என் மடியிலேயே இருந்தது. நாளைக்குச் செய்யலாம் என்று பானெட்டை மூடினேன். மறுநாள் கிளாஸ் இருந்தது. அதற்கு மறுநாள் ஓட்டலில் ஆள் குறைவு. நான் அதை மறக்கவில்லை. மறக்கிற ஆளாக இருந்தால் எனக்கு அந்தப் பெயர் வந்திருக்காது.

முதல் ஓட்டம் கோவளம் மாதா கோயிலுக்கு என்று அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். ஃபாதர் ஜெபித்துத் தண்ணீர் தெளிப்பார். ஆனால் வீட்டிலிருந்து கிளம்பும்போது டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியே ஆக வேண்டும். எங்கள் அம்மாவுக்கு இரண்டும் வேண்டும். முதல் ஓட்டம் வீட்டு மூத்த ஆம்பிளை கையால்தான் என்பதும் அவள் கணக்கு. நான் வாரம் முழுக்க யோசித்துவிட்டு, சனிக்கிழமை ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். "நான் ஓட்டட்டுமாம்மா? எனக்கு வண்டி பழக்கமாயிடுச்சு."

அம்மா பதில் சொல்வதற்குள் அண்ணி சொன்னாள். "நீ ஓட்டுனா கோவளம் போயி சேர்றதுக்குள்ள, வூட்டப் பூட்டனமான்னு நாலு தபா திருப்பிகினு வருவ. பூச முடிஞ்சி ஃபாதர் தூங்கப் போயிடுவாரு."

அண்ணன் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். நானும் சிரித்தேன் மேடம். அண்ணி சொன்னதில் பொய் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. தெருவில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். மல்லிப்பூச் சரம் கண்ணாடியிலிருந்து தொங்கியது. அண்ணன் வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். நான் எச்சரிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. எச்சரித்தேன். எல்லாரும் கேட்டார்கள், எல்லாரும் உங்களிடம் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணா, ஆரன் சில சமயம் ஒட்டிக்கும். ரெண்டு தடவ அழுத்து."

"சரி."

"வைப்பர் போடாத. கண்ணாடிய கீறிடும். இடது பக்கக் கதவு சரியா மூடல போலத் தெரியுது. ரேடியேட்டர் மூடி நல்லா திருகியிருக்கேன்னு நினைக்கிறேன், இரு பாத்துடுறேன். ஆக்சிலேட்டர முழுக்க மிதிக்காத, மாட்டிக்கப் போவுது. பின் டயர்ல காத்து கொஞ்சம் கம்மியோன்னு தோணுது. அண்ணா, கேக்குறியா? டிக்கி..."

"அம்மா தாயே." அவன் டிரைவர் சீட்டிலிருந்து இறங்கி நின்று எனக்குக் கும்பிடு போட்டான். "வண்டில இஸ்டேரிங்கு கீதா, அத்தயும் பாத்து சொல்லிடு."

கூட்டம் சிரித்தது. எதிர் வீட்டு அக்கா, "பாவம்டா, அது பயப்படுது" என்றாள். நான் துணியில் கையைத் துடைத்துத் துடைத்து நின்றேன். என் குரல் நடுங்கியது. எப்போதும் எப்படி நடுங்குமோ அப்படி. இல்லாத பயங்கள் ஐந்தாறுக்கு நடுவில் இருக்கிற ஒன்றை வைத்துச் சொன்னேன். சோற்றுக்குள் மாத்திரையை வைத்து நாய்க்குக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. அப்படிச் சொன்னால் அவன் கேட்க மாட்டான் என்பது எனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். ஆனால் எனக்கு வேறு மாதிரி பேசத் தெரியாது என்றும் நான் சொல்லலாம். இந்த இரண்டு வாரமாக நான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தது அதுதான். அவன் ஒரு தடவை, சிரிக்காமல், என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இப்போது குழந்தை.

அண்ணன் மகள் பாப்பா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் ஏறுவதற்குப் போனாள். நான், "சீட்டு ஸ்ப்ரிங்கு குத்தும்மா, உனக்கு இடுப்பு வலி வேற, எங்கூட ஸ்கூட்டில வா" என்றேன். பாப்பாவையும் தூக்கிக்கொண்டேன். பெட்ரோல் வாடைக்கு வாந்தி எடுப்பாள் என்று சொன்னேன். அவள் அழுதாள். முன்னால் நிற்க வைத்து ஆரன் அடிக்க விடுகிறேன் என்று சமாதானம் சொன்னேன். லதா அண்ணியையும் கூப்பிட்டேன். ஆட்டோவில் வரலாமே அண்ணி, புகை அடிக்கும் என்றேன். "வூட்டுக்காரரு மொத தபா ஓட்றாரு, நான் ஆட்டோல போவனா?" என்றாள். அதற்கு மேல் வற்புறுத்தினால் வித்தியாசமாக இருந்திருக்கும்.

அண்ணி பிழைத்துக்கொண்டாள் என்று டாக்டர் சொன்னார். சந்தோஷம். கண் திறந்ததும் அவள் கேட்ட கேள்வியைத்தான் நீங்கள் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். புருஷனைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், பாப்பாவை ஜெபா ஏன் இறக்கினாள் என்று கேட்டாளாம். அவள் கெட்டிக்காரி. நான் எப்போதும் சொல்வேன்.

நான் ஸ்கூட்டியில் பின்னால் வந்துகொண்டிருந்தேன். அம்மா பின்னால், பாப்பா முன்னால். மெதுவாகத்தான் வந்தேன். ஊருக்குள் அண்ணனும் மெதுவாக ஓட்டினான், எல்லாருக்கும் கை காட்டிக்கொண்டு. அப்போது பாதி மிதிதான் மிதிப்பான் என்று எனக்குத் தெரியும். ஈ.சி.ஆரில் ஏறியதும் கார் எங்கள் கண்ணிலிருந்து மறைந்தது. அவன் பஸ்ஸைக் கண்டால் முந்தாமல் இருக்க மாட்டான். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனபோது நான் எத்தனையோ தடவை அவன் சட்டையைப் பிடித்துக் கண்ணை மூடியிருக்கிறேன்.

பட்டிபுலம் தாண்டியதும் தூரத்தில் இன்ஜின் சத்தம் கேட்டது. ஏறிய சத்தம் இறங்கவில்லை. ஒரே சீராக, திணறாமல், ஒரு சிலிண்டர்கூட விடாமல் பாடியது. அம்மா, "நம்ம வண்டியா அது? எவ்ளோ ஜோரா கேக்குது" என்றாள். உண்மையில் என் வேலை நன்றாக இருந்தது மேடம். அந்த நேரத்திலும் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

சிலைப் பட்டறைக்கு வெளியே ரோட்டோரம் கருங்கல் பாளங்கள் இறக்கிப் போட்டிருப்பார்கள், இன்னும் உளி படாதவை. அதில்தான் மோதியிருந்தது. மற்றதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

அண்ணனின் சாவு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் எதற்காகச் செய்தாய் என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எதிர் வீட்டு அக்கா வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னாள். "இந்தப் பொண்ணு தலப்பாடா அடிச்சிகிச்சுங்க. முழுக்க மிதிக்காதண்ணா, மாட்டிக்கும்னு சொல்லிச்சி. நாங்கல்லாம் சிரிச்சிகினு நின்னோம்." ரிசார்ட் ஆட்கள் தலை குனிந்து நின்றார்கள். கிளாஸிலிருந்து ஷ்யாம் வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் போனிலிருந்த ரீலை அழித்துவிட்டேன், ஃபார்வர்ட் பண்ணினவர்களையும் அழிக்கச் சொல்லிவிட்டேன் என்றான். அம்மா பெட்டியின்மேல் விழுந்து, "எம் பொண்ணு சொல்லிச்சே, எம் பொண்ணு அப்பவே சொல்லிச்சே" என்று அழுதாள். அப்பாவுக்கு அழுதபோது சொல்லாததை அன்றைக்குச் சொன்னாள்.

கேட்க நன்றாக இருந்தது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. இடுகாட்டிலிருந்து வந்து நான் அசந்து தூங்கினேன். கதவைப் பார்க்க எழுந்திருக்கவில்லை.

நீங்களும் முதல் தடவை வந்தபோது, 'தங்கை எச்சரித்தும் கேட்கவில்லை' என்று எழுதிக்கொண்டு, என் தோளில் தட்டி, "உம்மேல தப்பு இல்லம்மா" என்றீர்கள். உங்களை ஏமாற்றியதற்கு மன்னியுங்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால் நான் உங்களிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. வண்டியைக் கெடுக்க வேண்டுமென்று நான் எதையும் வெட்டவில்லை, எதையும் கழற்றவில்லை. தெரிந்ததை அவனிடம் சொன்னேன். அவன் கேட்டுக்கொள்ளவில்லை. கோர்ட்டில் கேட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். பிசகைச் சரிசெய்யாமல் விட்டது தப்பு, அதற்கு என்ன தண்டனையோ தாருங்கள். மற்றபடி, சிரிக்காமல் ஒரு தடவை அவன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இந்த இடத்தில் முடித்துவிடத்தான் இன்று காலையில் வீட்டிலிருந்து கிளம்பினேன்.

முடியவில்லை. ஒன்றை விட்டுவிட்டேன்.

அன்றைக்குக் காரைக் கிளப்புவதற்கு முன்னால், கூட்டம் கலைந்த பிறகு அம்மா பையை எடுக்க உள்ளே போனாள். அண்ணி பின்வாசலைப் பூட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் மட்டும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் யாரும் இல்லை. என்னை விரலால் கூப்பிட்டான். குனிந்தேன். அவன் கை வேர்த்திருந்தது. அவனும் பயப்படுவான் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"ஜெபா," என்றான். சந்தேகம் என்று கூப்பிடவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டான். "தமாஷ வுடு. எனக்கு இன்ஜினப் பத்தி ஒண்ணுந் தெரியாது, உனுக்குத்தான் தெரியும். மெய்யாலுமே எதுனா கீதா? இருந்தா சொல்லு, நான் எடுக்கல. ஆட்டோலயே போலாம்."

"ஒண்ணும் இல்லண்ணா. எல்லாத்தையும் பாத்துட்டேன். எடு," என்றேன்.

என் குரல் நடுங்கவில்லை. கையைத் துடைத்துக்கொள்ளவில்லை. அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் தலையை ஆட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினான்.

என் பேச்சை அவன் நம்பினான்.